குவாந்தோ பாஸ்தா

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் எட்மண்டன் பக்கம் குடிவந்த புதிதில், எங்கள் பங்குக் கோயில் திருநாள் சமையலுக்கு ஆள் தேவை என்றார்கள். மன்னாரில் இருந்து வந்திருந்த எனக்கு அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. சமையல் என்றால் பேச்சுக் குறைவாகத்தானே இருக்கும் என்று பெயர் கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை ஒத்திகைச் சமையல். மண்டபத்துச் சமையலறையில் இருந்த எல்லாரும் இத்தாலிக்காரப் பெண்கள். தலைமைச் சமையல்காரி கறுப்புச் சட்டை போட்ட ஒரு விதவை. லண்டனில் பாதி ஆயுள் கழித்தும் இங்கிலீஷ் பேசாதவர். வெங்காயம் எத்தனை வெட்ட வேண்டும் என்று நான் இங்கிலீஷில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

லைப்ரரியில் ஒரு இத்தாலியப் புத்தகம் எடுத்து வந்தேன்.

"இங்கிலீசே இன்னும் ஒழுங்கா வரேல்லை. உமக்கு இத்தாலி என்னத்துக்கு?" என்றார் கணவர்.

"முழுப் பாஷையும் ஆருக்கு வேணும்? எவ்வளவு, எத்தனை எண்டு கேக்கத் தெரிஞ்சால் காணும்."

அந்த இரண்டும் அங்கே நாலாக இருந்தன. உப்பு ஆண், அதற்குக் குவாந்தோ. கோதுமை மா பெண், அதற்குக் குவாந்தா. தக்காளிகள் ஆண்கள், குவாந்தி. வெங்காயங்கள் பெண்கள், குவாந்தே. பஸ்ஸில் போகும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அடுத்த சனிக்கிழமை, "குவாந்தே சிப்பொல்லே?" என்று வெங்காயத்தைக் காட்டிக் கேட்டேன். சமையலறையே கைதட்டியது. தலைவி பத்து விரலையும் விரித்துக் காட்டினார். துணிவு வந்துவிட்டது. கொதிக்கும் குழம்பைக் காட்டி, "குவாந்தோ சாலே?" என்று உப்பைக் கேட்டேன்.

"குவாந்தோ பாஸ்தா," என்றார்.

பாஸ்தா எவ்வளவு இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் களஞ்சிய அறையில் இருந்து இரண்டு பெட்டி பாஸ்தா தூக்கி வந்தேன். அவர் உப்புச் சாடியைக் காட்டி, இன்னும் சத்தமாக அதையே சொன்னார். நான் இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவந்தேன். பெண்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். அது சாப்பிடும் பாஸ்தா இல்லையாம். 'காணும்' என்று அர்த்தமாம். உப்பைப் போதுமான அளவுக்குப் போடு. இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து வேறு; தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

அடுத்த வருடத் திருநாளுக்கு எங்கள் ஆட்டிறைச்சிக் கறியைச் சமைக்கச் சொல்லித் தலைவியே கேட்டார். வெள்ளைக்காரர் சாப்பிடுவார்களே என்று மிளகாய்த்தூளை அரைவாசியாகக் குறைத்தேன். தலைவி ஒரு கரண்டி நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். அவர் இத்தாலியின் தெற்குக் கோடியில், மிளகாய்க்குப் பேர்போன பக்கத்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியாது. "போக்கோ!" என்றார். குறைவு என்று அர்த்தம். என் கையில் இருந்த தூள் பேணியை வாங்கிக் கவிழ்த்தார்.

"பாஸ்தா! பாஸ்தா!" என்று நான் கத்தினேன். அந்தச் சொல்லை நான் பிழையில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

அன்றைக்கு ஐரிஷ்காரப் பாதிரியார் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். என் கணவர் தண்ணீரும் கையுமாக வந்து, "இது ஆர் வைச்ச கறி?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றார். சட்டியில் வழித்து எடுக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை.

எல்லாம் முடிந்ததும் தலைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மருமகளைப் பற்றி ஏதோ முறைப்பாடு. சொல் விளங்கவில்லை, முகம் விளங்கியது. ஒத்துக்கொள்வதற்காக நான் தலையாட்டி, "சீ, சீ" என்றேன். இத்தாலியில் அது 'ஓம்'.

கணவர் பதறிக்கொண்டு என் காதருகே குனிந்தார். "ஏனப்பா, அந்த மனிசியைப் போய் ஏசுறீர்?"