கையைத் தூக்காத அன்புசெல்வி

“எத்தினி பீஸு?” என்று கேட்கும்போதே அன்புசெல்வியின் கட்டைவிரல் துணிகளைத் தள்ளி எண்ணிவிடுகிறது. “நாலு இருக்கு. மூணுதான் உள்ள போவும். ஒண்ண எங்கிட்ட குடுத்துட்டுப் போ பாப்பா, நான் முழுங்கிட மாட்டேன்.” மூன்று என்று எழுதிய மஞ்சள் வில்லை அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது. நான்காவது டாப்ஸ் அன்புசெல்வியின் முன்கையில் தொங்குகிறது. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறார். காலை பத்து மணியிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று அவருக்கே தெரியாது.

புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் ஒரு மூன்று மாடித் துணிக்கடையின் இரண்டாவது மாடி. டிரையல் ரூம் வாசல். பதினோரு வருஷமாக அன்புசெல்வியின் இடம் அதுதான். எனக்கு அந்த இடம் பழகிப்போனதற்குக் காரணம் என் மனைவி. அவர் எதையும் ஒரே தடவையில் வாங்கி முடித்தவர் அல்ல. ஒரு சுடிதார் என்றால் வாங்க ஒரு நாள், மாற்ற ஒரு நாள், மாற்றியதை மாற்ற ஒரு நாள். அறைகளுக்கு எதிரே கணவன்மாருக்கென்று ஒரு நீள மெத்தை பெஞ்சு போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு மாதத்தில் நான் அதில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு எனக்கு அந்தக் கடையில் ரேஷன் அட்டையே கொடுத்திருக்கலாம்.

அந்த பெஞ்சில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருப்போம், இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு. கடை ஆட்கள் அதில் உட்காரக் கூடாது. மேலே கேமரா இருக்கிறது. ஒருநாள் நான் மரியாதைக்கு நகர்ந்து இடம் விட்டேன். அன்புசெல்வி என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க நவுந்தா கேமரா நவுருமா சார்?” என்றார். அதற்கப்புறம் அந்த பெஞ்சில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

முன்பு அவருக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு நிமிஷம் உட்காரலாம், ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும். அந்த இரண்டு நிமிஷங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவர் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடக்கின்றன. “கோரிமேடு ஆஸ்பத்திரில காட்னேன். ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னாரு டாக்டரு. ஒக்காந்துக்கினே பாக்கற வேல எதுனா இருந்தா சொல்லுங்க டாக்டர்னேன். அடுத்த ஆளக் கூப்டுட்டாரு.” இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. டாக்டர் பேரில் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது.

ஸ்டூல் போன கதை ஆனி மாதத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு நடிகை தாமே வடிவமைத்ததாகச் சொல்லி, ‘மின்மினி’ என்ற பெயரில் சல்லிசான உடைகள் வந்திறங்கின. எதை எடுத்தாலும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. சுவர் முழுக்க அந்த அம்மாள்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு டிரையல் ரூம் வாசலில் ஆளுயர அட்டை உருவம் ஒன்று. அதற்கு இடம் வேண்டுமே, ஸ்டூலை எடுத்து குடோனில் போட்டுவிட்டார்கள். “ரெண்டே மாசம்தான் அன்பக்கா” என்றாராம் சூப்பர்வைசர் சக்கரபாணி. அந்த அட்டைக்கு அன்புசெல்வி வைத்த பெயர் மகாராணி. காலையில் வந்ததும் அதன் முகத்தில் தூசு தட்டுவதும் அவர் வேலைதான்.

பிரிவில் நிற்கிற பெண்கள் எல்லோரும் மின்மினி டாப்ஸ்தான் போட வேண்டும். நடமாடும் விளம்பரம். அன்புசெல்விக்குக் கிடைத்தது பிஸ்தா பச்சை. அதில் ஊசி நூல் படக் கூடாது, மகாராணி தைத்தபடியே இருக்க வேண்டும் என்பது சக்கரபாணியின் உத்தரவு. அந்த உடையில் அன்புசெல்வியிடம் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். அவருடைய முழங்கைகள் விலாவைவிட்டுப் பிரிவதே இல்லை. மேல் கம்பியில் ஹேங்கர் மாட்ட ஒரு கொக்கிக் குச்சி வைத்திருக்கிறார். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடக் கை மேலே போகாது, தலைதான் குனிந்து கைக்கு வரும். கால்களுக்குக் கிடைக்காத ஓய்வைக் கைகளுக்காவது கொடுக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

உடையோடு கூடவே ஒரு நோட்டும் வந்தது. அறையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் மின்மினி எப்படி இருக்கிறது என்று கேட்டு, ‘நல்லாருக்கு’, ‘பரவாயில்ல’, ‘புடிக்கல’ என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். கேட்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பதில்தான் வம்பு. புதுச்சேரிப் பெண்கள் ஒரு துணியை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. “நல்லாத்தான்க்கா இருக்கு, ஊட்டுக்காரரக் கேட்டுட்டு வரேன்” என்பார்கள். ஊட்டுக்காரர் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டாப்ஸ் மட்டும் அறைக்குள்ளே கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்புசெல்விக்கு வாய் வார்த்தை தேவையில்லை. துணி திரும்பி வரும் கோலத்தை வைத்தே சொல்லிவிடுவார். “உள்பக்கம் வெளிய வந்தா, அவசரமா உருவிப் போட்ருக்கா, இறுக்கம். பட்டன் போட்டபடியே வந்தா, போட்டுப் பாக்கவே இல்ல, ரேட்டுக்காக எடுத்தா. அழகா மடிச்சுக் குடுத்தான்னு வெச்சுக்கோங்க, ரொம்ப ஆசப்பட்ருக்கா, சேரல.” சொல்லிக்கொண்டே நோட்டில் ‘நல்லாருக்கு’ கட்டத்தில் கோடு போடுவார். வாயால் சொன்னதைத்தானே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

நடுக் கட்டத்தில் மூன்றே மூன்று கோடுகள். மூன்றும் ஓதெத் மதாம் புண்ணியம். வருஷத்தில் பாதி பாரீஸில் மகள் வீட்டில் இருப்பவர், மீதிப் பாதி இங்கே கணவரின் பிரெஞ்சுப் பென்ஷனில். அவர் எந்தத் துணியையும் முதலில் உட்புறம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பார். “பா மால், பா மால்” என்பார். அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம் என அன்புசெல்விக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. “அங்கயும் நடிகைங்க பேர்ல சீப்பா விக்கறாங்கம்மா. ரெண்டு வாஷ். அப்புறம் ஃபினி, முடிஞ்சுது” என்று கையை விரித்துவிட்டு, வழக்கமாக எடுக்கும் பருத்தி கவுன் இரண்டை எடுத்துக்கொண்டு போவார்.

உண்மை வெளியே வந்தது வீராம்பட்டினம் ஆயம்மாவால்தான். மீன் விற்று முடித்த கையோடு, கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் மயில் கழுத்து நிற மின்மினி டாப்ஸில் வெளியே வந்தாள். அம்சமாக இருந்தது. ஆயம்மா இடுப்பில் கைவைத்து மேலும் கீழும் பார்த்தார். “கையத் தூக்குடி” என்றார். “எதுக்கும்மா?” “பஸ்ஸுல கம்பியப் புடிக்க மாட்டியா? தூக்கு.” பெண் தூக்கினாள். கை காது வரைக்கும்கூடப் போகவில்லை. அக்குளில் பிடித்து இழுத்து, முன்பக்கம் முழுக்க மேலே ஏறி, இடுப்பு தெரிந்தது. “அவ்ளோதான், கயட்டு. சினிமாக்காரி கார்ல போவா. நீ தொத்திக்கினு போவணும்.”

அன்புசெல்வி நோட்டைத் திறந்தார். “இன்னான்னு எழுதட்டும்மா?”

“நல்லாருக்குன்னே எழுதிக்க. நாம சொல்லி இன்னா ஆவப் போவுது? ஒனக்கு எதுக்குப் பொல்லாப்பு?”

தவளக்குப்பத்திலிருந்து கடலூர் ரோடு பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே வருகிற அன்புசெல்விக்கு அந்தக் கம்பியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து, பார்த்தால் பாவமாக இருக்கும் பெண்களிடம் மட்டும் “கையத் தூக்கிப் பாத்துட்டு எடு பாப்பா” என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது நாள் சக்கரபாணியின் காதுக்குப் போய்விட்டது. என் கண்ணெதிரேதான் வந்து கத்தினார். “கையத் தூக்கு, காலத் தூக்குன்னு டிரில் மாஸ்டர் வேலயா பாக்கறீங்க? எப்டி இருக்குன்னு மட்டும் கேளுங்க. எழுதுங்க. அதோட நிறுத்திக்கங்க.” பெண்பிள்ளைகள் முன்னால், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியை. எனக்குக் கோபம் வந்தது. அன்புசெல்வி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு “சரிங்க சார்” என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

“ஆடிக் கடைசியில கம்பெனிலேர்ந்து வராங்களாம்” என்றார் ஒருநாள், டாப்ஸ்களை மடித்துக்கொண்டே. “ஓடலன்னா மகாராணிய மடிச்சு எடுத்துக்கினு போயிடுவாங்க. எடம் காலியாயிடும். ஸ்டூலு வந்துரும்.”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

“நல்லதுதான்.” எதிரில் அடுக்கு சரி செய்துகொண்டிருந்த தேவிப்பிரியாவைக் கண்ணால் காட்டினார். மின்மினிக்காக மட்டும் வேலைக்கு எடுத்த பெண். எட்டு மாதக் குழந்தையை நெல்லித்தோப்பில் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். “துணி போனா அவ வேலயும் போயிடும். அத வெச்சித்தான் அந்த ஊட்ல அடுப்பு எரியுது.” இன்னொரு டாப்ஸை எடுத்து மடித்தார். “நான் ஒண்ணும் பண்ண வாணாம் சார். வாயத் தொறக்காம இருந்தா போதும், தானா படுத்துரும்.” கணுக்காலைக் குனிந்து அழுத்திவிட்டுக்கொண்டார். ஸ்டூலுக்காக யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி மாற்றியதை மாற்ற வந்திருந்தார். கம்பெனியிலிருந்து ஆகாஷ் என்று ஓர் இளைஞன் வந்திருந்தான். கையில் டேப்லெட், நல்ல பிள்ளை, எல்லோரையும் அம்மா என்றான். சக்கரபாணி நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக ‘நல்லாருக்கு’. ஆகாஷ் நோட்டையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா யாரும் வாங்கல. கால்வாசிகூடப் போகல” என்றான். “ஏம்மா அப்படி? நீங்கதானே பக்கத்துல இருந்து பார்க்கறீங்க, உங்களுக்குத் தெரியுமே.”

சக்கரபாணி அன்புசெல்வியைப் பார்த்தார். அன்புசெல்வி தரையைப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க சார்.”

ஆகாஷ் தலையாட்டினான். டேப்லெட்டில் ஏதோ தட்டினான். “அப்போ இந்த பிராஞ்ச்ல நிறுத்திடலாம்னு எழுதிடறேன் சார். இந்த மாசத்தோட.” சக்கரபாணி சரி என்றார். அப்பாடா, ஸ்டூல் வந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தேவிப்பிரியா ஏற்கெனவே மடித்திருந்த ஒரு டாப்ஸைப் பிரித்து மறுபடி மடித்தாள். முடித்துவிட்டு மறுபடி பிரித்தாள். அன்புசெல்வி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆகாஷ் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

“சார்” என்றார் அன்புசெல்வி. “நீங்க பஸ்ஸுல போவீங்களா?”

“எப்பவாவது போவேன்மா. ஏன்?”

விலாவோடு ஒட்டியே இருந்த அந்த வலது கையை அன்புசெல்வி மெதுவாகத் தூக்கினார். தோள் தாண்டி, காது தாண்டி, தலைக்கு மேலே, ஓடுகிற பஸ்ஸில் கம்பியை எட்டிப் பிடிப்பதுபோல நேராக. பிஸ்தா பச்சை இழுபடவில்லை, ஏறவில்லை. அக்குளில், பழைய மாம்பழ மஞ்சள் ரவிக்கையிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகல முக்கோணத் துண்டு ஒன்று, கைத்தையலில், வியர்வையில் நனைந்து தெரிந்தது. ஊசி படக் கூடாத உடை.

“இங்க ஒரு துண்டு சேத்து வெட்டச் சொல்லுங்க சார். எல்லாம் ஓடிடும்.”

ஆகாஷ் திரும்பி வந்து குனிந்து பார்த்தான். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். “எடுத்துக்கங்க” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட அன்புசெல்வி, தூக்கிய கையை இறக்காமலே, உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்டார்.