மேரக்காய்க் கொடிக்குப் போட்ட உரம்

கோத்தகிரிக்குக் கீழே தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் ரஞ்சனிக்குத் தண்ணீர்தான் எதிரி. மேலே கேரட் தோட்டங்களில் அடிக்கிற மருந்தெல்லாம் மழையோடு இறங்கி ஊற்றில் சேர்கிறது. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் லயத்துக்காரர்கள் குடம் பிடிக்கும் பீலியில் விழுகிறது. புருஷன் மனோகரனுக்கோ கிட்னி பழுது. நல்ல தண்ணீராகக் குடிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சொல்வதற்கென்ன, வாய்தானே. நல்ல தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்?

அப்போதுதான் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காரர் கீர்த்திவாசன் வந்து பீலியடியில் ஒரு டிரம் வைத்தார். ஃபேக்டரியில் கழித்துப் போடும் தேயிலை நாரை அரைத்து, களிமண் கலந்து செய்த வில்லைகள் அதற்குள் இருந்தன. தண்ணீரிலிருக்கும் மருந்து அந்த நாரில் ஒட்டிக்கொள்ளுமாம். டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரஞ்சனிக்கு வந்தது.

"ஏனுங்க அக்கா, வில்லை கருத்துப் போச்சுன்னா பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டுருங்க. அவ்வளவுதானுங்க வேலை."

பழசை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. தேயிலைக் கழிவை என்ன செய்வதென்று எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு யார் சொல்ல வேண்டும்? டவுனில் சௌசௌ என்று விற்கிற மேரக்காய்தான் லயத்தில் எல்லார் வீட்டுப் பந்தலிலும்; அந்தக் கொடிக்குத் தேயிலைக் கழிவுதான் உரம். கருத்த வில்லைகளை எடுத்துத் தன் கொடியின் வேரடியில் போட்டு மண் அணைத்தாள். கொடி பந்தல் கொள்ளாமல் காய்த்தது. நீர்க்காய் மனோகரனுக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூட்டு, பொரியல், குழம்பு என்று விதவிதமாக ஆக்கிப் போட்டாள்.

திட்டம் முடிகிற நாளில் கீர்த்திவாசன் வந்தார். டிரம் தண்ணீரில் மருந்தே இல்லையாம். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரஞ்சனி ஒரு பை நிறைய மேரக்காய் பறித்துக் கொடுத்தாள்.

"எல்லாம் உங்க வில்லை தயவுதான் சார். பழசை இந்தக் கொடிக்குத்தான் போட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் காயை யாருங்க அக்கா சாப்பிட்டீங்க?"

"லயத்துல எல்லாருந்தான். அவருக்குத்தான் கூடுதல்."

"தண்ணியில இருந்து புடிச்ச மருந்து பூரா அந்த வில்லையிலதானுங்க இருக்கும். காய்ல ஏறியிருக்குதான்னு சோதிச்சுட்டுச் சொல்றனுங்க. அதுவரைக்கும் சாப்பிட வேண்டாம்."

ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார். படித்த மகராசன்! முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாக்கா தேய்ந்திருக்கும்? சோதித்துச் சொல்கிறேன் என்றவர் இன்றுவரை சொல்லவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அவர் ஜீப் போன கையோடு ரஞ்சனி கொடியை வேரோடு பிடுங்கினாள். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று தெரியவில்லை. தண்ணீரோடு போயிருக்க வேண்டியதைப் பிடித்து வைத்து, சோற்றில் பிசைந்து கொடுத்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மனோகரன் தட்டைப் பார்த்தான்.

"என்னா, மேரக்காய் ஆக்கலையா? அதைத் தின்னாத்தான் உடம்புக்கு நல்லாருக்கு."

"கொடி பட்டுப்போச்சுங்க" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள்.