எதிராளி வெளியேறிவிட்டார்

கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் பெட்டிகளில் எங்களுக்கு உதவுகிற பொருள் ஒன்றும் ஒருநாளும் வந்ததில்லை. திருகோணமலை வெயிலில் போட்டுக்கொண்டு திரியக் கம்பளிக் கையுறை வரும், எங்கள் இருவர் காலுக்கும் அளவில்லாத சப்பாத்து வரும், உருகித் திரும்ப இறுகிய சொக்லேற் வரும். ஆனபடியால் ஒரு பெட்டிக்குள் வீடியோ விளையாட்டு இயந்திரமும் ஐஸ் ஹொக்கி விளையாட்டும் இருந்தபோது அம்மாவும் நானும் பெரிதாக அதிசயப்படவில்லை. அம்மா இயந்திரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள அரிசியும் போட்டு வைக்க ஏலாது" என்று கீழே வைத்தார்.

அதை அவன் அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்குள் கதை வற்றிப்போயிருந்தது. பத்தொன்பது வயதில் போனவன் இப்போது நாற்பதை எட்டிப் பார்க்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பான். "சாப்பிட்டியளோ?" "ஓம், நீ?" "ஓம். அங்க மழையோ?" அதற்கு மேல் இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். வானொலியில் வானிலை வாசிப்பவர்கள்கூட எங்களைவிட உணர்ச்சியோடு வாசிக்கிறார்கள். "அக்கா, இதில ரெண்டு பேரும் விளையாடிக்கொண்டே கதைக்கலாம். நீங்கள் பள்ளிக்கூடத்தில ஹொக்கி விளையாடினனீங்கள்தானே" என்றான்.

விளையாடினேன்தான். பள்ளி அணியில் பின்வரிசையில் நின்றவள் நான். ஆனால் எங்கள் ஹொக்கி புல்லில் விளையாடுவது, மரியாதையானது. மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் அடிக்கலாம். காலில் பந்து பட்டால் விசில். பக்கத்தில் ஓடிவருபவளைத் தோளால் இடித்தால் விசிலோடு வீட்டுக்கு முறைப்பாடும் போகும். இவர்களுடைய ஹொக்கியில் பந்தே இல்லை. பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டம். மட்டையின் எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம், கோலுக்குப் பின்னாலும் போய் விளையாடலாம், எதிராளியைச் சுவரோடு சேர்த்துச் சாத்தினால் சனம் எழும்பி நின்று கைதட்டும். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொள்ள, நடுவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். முதல் ஞாயிறு எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த ஞாயிறு தம்பியின் ஆள் ஒருவனைச் சுவரோடு சாத்தினேன். அலுவலகத்தில் வாரம் முழுக்க அடக்கிவைத்த எல்லாம் அந்த ஒரு இடியில் போனது. அதற்குப் பிறகு அந்த விளையாட்டில் நான் ஒரு குறையும் காணவில்லை.

எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் என்றால் ரொறன்ரோவில் ஞாயிறு காலை. அவன் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தன் நிலக்கீழ் அறைக்கு வந்து உட்காருவான். நான் திருகோணமலையில், எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டு முன்னறையில், மேசை விசிறியை இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, வியர்க்க வியர்க்க ஐஸில் சறுக்குவேன். விசிறி எனக்கு இல்லை, ஏனென்றால் இயந்திரம் என்னைவிடச் சீக்கிரம் சூடாகும். அம்மா பக்கத்துக் கதிரையில் செபமாலையோடு இருப்பார். பிள்ளைகள் இருவரில் யார் தோற்கிறார்களோ அவருக்காக மன்றாடுவார். ஆகவே அவருடைய மன்றாட்டு ஓர் ஆட்டத்துக்குள் பலமுறை கட்சி மாறும்.

அதிசயம் என்னவென்றால், காதில் மாட்டிய ஹெட்செட் வழியாகத் தம்பி கதைத்தான். கை சும்மா இருந்தால் வாய் திறக்காத ஆண்கள் பலரை நான் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். கையில் கொன்ட்ரோலரைக் கொடுத்ததும் இவன் மடை திறந்ததுபோல் கொட்டினான். வேலைத்தலத்தில் யாரோடு கோபம், யாரைக் கலியாணம் கட்ட நினைத்து அது ஏன் சரிவரவில்லை, பனியில் விழுந்து எப்படி எழும்பினான். ஒருநாள் என் கோலை நோக்கி வந்துகொண்டே, "போன வருஷம் எனக்குக் குடல்வால் வெட்டினவங்கள் அக்கா" என்றான். எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் தனியே கிடந்திருக்கிறான். நான் திகைத்துப்போய்க் கையை விட்டேன், அவன் கோல் போட்டான். அந்தக் கோலுக்காக நான் அழுதேன் என்று அவன் இன்றைக்கும் நினைக்கிறான்.

இந்த நேரத்தில்தான் கரண்ட் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. எங்கள் ஊரில் கரண்ட் போவதற்குக் காரணம் தேவையில்லை. காற்றடித்தாலும் போகும், மழை பெய்தாலும் போகும், வயரில் குரங்கு தொங்கினாலும் போகும், ஒன்றும் நடக்காவிட்டாலும் அலுப்பில் போகும். வீடு இருண்டு, ரவுட்டர் செத்து, விசிறி நின்று, அம்மா "யேசுவே" என்பதற்குள் அங்கே அவனுடைய திரையில் ஒரு வரி வந்துவிடும்: எதிராளி வெளியேறிவிட்டார். ஆட்டம் அவனுக்கு, தோல்வி எனக்கு. தோல்வி போகட்டும். அந்த விளையாட்டு என்னை ஆட்டத்தை விட்டு ஓடுகிறவள் என்று குறித்தும் வைத்துக்கொண்டது. குறி கூடினால் ஒன்லைனில் யாரோடும் விளையாட விடாமல் அடைத்துவைக்கும். குரங்கு செய்த குற்றத்துக்கு எனக்கு விளக்கமறியல்.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பில் ஒரு கோணல் வந்தது.

"அக்கா, நீங்கள் தோற்கேக்க மட்டும் சரியாக் கரண்ட் போகுது, என்ன?"

"நான் எப்பவும் தோற்கிறனான்தானே. அது எப்ப போனாலும் தோற்கேக்கதான் போகும்."

கணக்குப்படி நான் சொன்னது சரி. அவன் அதைக் கணக்காக எடுக்கவில்லை.

அவன் சும்மா விளையாடுகிறவன் அல்ல, அந்த விளையாட்டின் பக்தன். அவனைப் போன்ற பக்தர்கள் கூடுகிற இணையத்தளம் ஒன்று இருக்கிறது. அடுத்துவரும் விளையாட்டில் தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று அங்கே வருடம் முழுக்க எழுதுவார்கள். தம்பி எனக்கும் வழி காட்டியதால் நானும் போய் வாசித்தேன். ஆட்டக்காரர்களின் முகத்தில் வியர்வை இன்னும் உண்மையாக ஓட வேண்டும் என்கிறார் ஒருவர். வியர்வை பார்க்க விரும்பினால் அவர் எங்கள் முன்னறைக்கு வரலாம். ஆட்டக்காரர்கள் தாடி மழிக்காமல் விடுகிற கடைசிச் சுற்றுப் போட்டிகளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர வேண்டும் என்கிறார் இன்னொருவர். பார்க்க வந்த சனத்தில் ஒரே முகம் பல கதிரைகளில் இருக்கிறது, அதை மாற்றுங்கள் என்று ஒரு பெரிய கூட்டமே கேட்கிறது. அது நியாயம்தான். எங்கள் பங்குத் திருநாளில் ஒரே முகத்தோடு இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் நின்றால் சனம் என்ன கதை கதைக்கும்! வர்ணனையாளர்கள் இருவரும் சொன்னதையே சொல்கிறார்கள் என்பது எல்லோருக்குமான முறைப்பாடு. எங்கள் அலுவலகத்திலும் அப்படி இருவர் இருக்கிறார்கள், நாங்கள் யாரிடம் போய் எழுதுவது?

ஒரு ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவில், தம்பி தான் அங்கே எழுதியதைப் பெருமையாக வாசித்துக் காட்டினான். நிறையப் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்களாம். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னான்.

"ஆட்டத்தை நடுவில விட்டிட்டு ஓடுறவனுக்கு அடுத்த விளையாட்டில இடமே குடுக்கக் கூடாது. ஒருக்கா ஓடினவன் எப்பவும் ஓடுவான்."

"உது எனக்கோ எழுதினனீ?"

"பொதுவாத்தான் எழுதினனான். உங்களுக்கு ஏன் சுடுது?"

எனக்குச் சுட்டதுதான். காதுவரை சுட்டது.

"ஓடுறதைப் பற்றி நீ கதைக்கிறியோ? அம்மாவையும் என்னையும் விட்டிட்டு ஓடினது ஆரடா?"

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அந்த வயதுப் பையன்கள் ஊரில் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அவன் போனதில் எனக்கு ஒருநாளும் கோபம் இல்லை. கனேடியக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகும், வெளிநாடு போனவர்கள் எல்லோரும் வந்து கடலில் குளித்து நண்டு தின்றுவிட்டுப் போகிற இந்தக் காலத்திலும், அவன் ஒருமுறைகூட வரவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான் இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறாகிவிட்டது.

ஐஸில் அவனுடைய ஆட்கள் அசையாமல் நின்றார்கள். பிறகு என் திரையில், முதன்முறையாக என் திரையில், அந்த வரி வந்தது: எதிராளி வெளியேறிவிட்டார். வெற்றி உங்களுக்கு. சங்கு ஊதியது, சிவப்பு விளக்கு சுழன்றது, என் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். செபமாலையை நிறுத்தி அம்மா, "ஆர் வென்றது?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அதன் பிறகு ஞாயிறுகளில் அவன் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் கிழமை நடுவில், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தான். எனக்கு வெற்றி தோல்வி ஒரு பொருட்டில்லை, அந்த ஞாயிறுகள் போய்விட்டால் எனக்குத் தம்பி இல்லை என்பதுதான் பயம். பயத்தை வெளியில் காட்டாமல் முன்பின் தெரியாதவர்களோடு விளையாடினேன். குறி விழுந்தவர்களை அந்த விளையாட்டு தங்களுக்குள்ளேயே மோதவிடும். ஆகவே எனக்கு வாய்த்ததெல்லாம் ஓடுகாலிகள். முதல் கோல் வாங்கியதும் ஒருவன் மறைவான். முதல் கோல் போட்டதும், இனி இறங்குமுகம்தான் என்று நினைத்தோ என்னவோ, இன்னொருவன் மறைவான். ஒருவன் ஆட்டம் தொடங்குமுன்பே போய்விட்டான். அவனுக்கும் ஏதோ ஊரில் ஏதோ குரங்கு இருந்திருக்கும்.

அந்த இணையத்தளத்தில் நானும் எனக்கு வேண்டியதை எழுதினேன். என் ஆங்கிலம் அலுவலகக் கடித ஆங்கிலம், ஆகவே விண்ணப்பம் மிகவும் பணிவாகவே இருந்தது. ஆள் திடீரென்று காணாமல் போனால் உடனே தோல்வி எழுத வேண்டாம். பக் கிடந்த இடத்தில் கிடக்கட்டும், ஆட்கள் நின்ற இடத்தில் நிற்கட்டும். போனவர் திரும்பி வந்தால் அங்கிருந்தே தொடரட்டும். தாடி வளராவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் பற்றரி வாங்கு என்றார். இன்னொருவர் மெழுகுதிரியில் விளையாடு என்றார். மற்றவர்கள் சிரிக்கிற மஞ்சள் முகங்களைப் போட்டுவிட்டுத் தாடிக்குத் திரும்பினார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு, நான் இயந்திரத்தைப் போட்டதும், தம்பி ஆட்டத்துக்கு அழைத்திருந்தான். என் விண்ணப்பத்தை வாசித்தானோ, அம்மா ஏதும் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். ஹெட்செட்டில் "ம்" என்றான். நானும் "ம்" என்றேன். விளையாடத் தொடங்கினோம். ஒரு தவறும் விடாமல், இடிக்காமல், பள்ளிக்கூட ஹொக்கிபோல மரியாதையாக விளையாடினோம். அப்படி ஒரு சலிப்பான ஆட்டத்தை அந்த ஐஸ் கண்டிருக்காது. நான் ஒரு கோல் முன்னால் நின்றேன். அப்போது கரண்ட் போனது.

இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்தப் பின்னேரத்தில் கொன்ட்ரோலரைப் பிடித்தபடி இருந்தேன். எனக்குத் தெரிந்த தூஷண வார்த்தைகள் எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கேட்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இனி அடைத்துவைப்பார்கள் என்று தெரியும். கரண்ட் வந்து இயந்திரத்தைப் போட்டபோது, எதிர்பார்த்தபடி தடை வந்திருந்தது. ஆனால் ஆட்டத்துக்கு எதிரே தோல்வி என்று இல்லை. முடிவே இல்லை. இரண்டு பக்கமும் வெளியேறிவிட்டதாக இருந்தது. கைத்தொலைபேசி அடித்தது.

"நானும் வயரைப் பிடுங்கினனான்" என்றான் தம்பி. "நீங்கள் அசையாம நிண்டதைக் கண்டவுடன, அது தோல்வி எழுதுறதுக்கு முதல் பிடுங்கிப்போட்டன். இப்ப எனக்கும் தடை."

"விசரோ உனக்கு? உனக்கு ஒரு குறியும் இல்லாம இருந்ததே!"

"ஆர் சொன்னது? முந்தி உங்களைக் கோவிச்சுக்கொண்டு போனதுக்கு ஒண்டு விழுந்தது. பிறகு ஓடுகாலியளுக்குள்ள போய் உங்களைத் தேடுவம் எண்டு வேணுமெண்டே கொஞ்சம் ஓடினனான். ஒருக்காலும் அகப்படேல்லை நீங்கள்."

அடுத்த ஞாயிறு எங்கள் இருவருக்கும் விளையாட்டு இல்லை. இயந்திரத்துக்கு ஓய்வு, விசிறி எனக்கு. தொலைபேசி வந்தது. சாப்பிட்டியளோ, ஓம், அங்க மழையோ. பிறகு பழையபடி மூச்சு. அவனுடைய கையும் சும்மா, என்னுடைய கையும் சும்மா. ஆண்கள் மட்டுமல்ல, நானும் அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கேட்க வேண்டியதை ஐஸில் கேட்காமல் விட்டதால், தரையில் கேட்டேன்.

"ஏன்டா ஒருக்காலும் நீ வரேல்லை?"

கரண்ட் இருக்கிறதா என்று நான் விளக்கைப் பார்த்தேன். இருந்தது.

"வந்தாத் திரும்பிப் போகோணும் அக்கா" என்றான். "ஒருக்கா உங்களை விட்டிட்டுப் போனனான். ரெண்டாந்தரமும் விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது."

அம்மா செபமாலையை உருட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வா" என்றேன். "போகேக்க நான் அழமாட்டன். அம்மாவையும் அழ விடமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

அது பொய் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"அப்ப மார்கழியில வாறன்" என்றான்.