முள்வேலித் தழும்பு

கறிக்கடை அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் அந்தத் தெருவில் குறைவு. எடை குறைகிறது என்று கத்திய ஒருவனை ஆட்டுத் தொடையாலேயே அடித்துச் சாக்கடையில் தள்ளினாள். பிறகு அதே தொடையைக் கழுவி அவன் தலையிலேயே கட்டினாள். கடையும் கோபமும் அப்பா விட்டுப்போன சொத்து. இரண்டையும் குறைவில்லாமல் நடத்தினாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஆளிடம் மட்டும் பெட்டிப்பாம்பாய் அடங்கினாள். அவள் புருஷன். ஹோமியோபதி வைத்தியர், ஊர் வாயில் உருண்டை டாக்டர். கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை. கீழே எலும்பு உடைபடும், மேலே சீனி உருண்டைகள் சீசாவில் உருளும். ஊரையே வெட்டிவிடுவேன் என்று நிற்பவள், அவர் மாடியிலிருந்து இருமினால் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்தது. பாலிப் என்றார்கள்.

"கத்தியெல்லாம் எதுக்கு? என் மருந்துலயே கரைச்சிடலாம்," என்றார் புருஷன்.

நம்பினாள். தினமும் ஆட்டு ஈரலிலிருந்து பித்தப்பையைக் கிழியாமல் அறுத்தெடுப்பவள் அவள். கிழிந்தால் ஈரலே கசந்து குப்பைக்குத்தான் போகும். அதே வேலையைத் தன் வயிற்றுக்குள் இன்னொருவர் செய்வதை நினைத்தாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. ஆகவே உருண்டை இனித்தது.

ஒரு வருஷம் தின்றாள். அடுத்த ஸ்கேனில் பாலிப் இரண்டு மடங்காகியிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பூசி மெழுகவில்லை.

"இனியும் விட்டா புற்றா மாறலாம். பையை எடுத்துடணும்."

"வயித்தைக் கிழிப்பீங்களா?"

"இல்லம்மா. நாலு சின்ன ஓட்டை போதும்." பேனாவால் தன் வயிற்றில் தொட்டுக் காட்டினார். தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு.

அந்த நாலு இடமும் அவளுக்குத் தெரியும். புருஷன் வயிற்றில் அதே இடங்களில் நாலு தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் முள்வேலியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தார். ஐயோ பாவம் என்று எத்தனை தடவை தடவிக்கொடுத்திருக்கிறாள். அட படுபாவி!

மாடிப்படி அதிர ஏறினாள். கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. மருந்து அலமாரியை இழுத்துச் சாய்த்தாள். கண்ணாடிச் சில்லும் சீனி உருண்டையும் தரையெல்லாம் ஓடின. நோயாளிகள் பார்க்கப் பார்க்க அவரை மேசைக்கு மேலாகவே இழுத்துப் போட்டாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சட்டையைப் பிடித்துக் கிழித்தாள்.

"இது எந்த வேலிடா?"

பெரியவர் ஒருவர் எழுந்தார். "என்ன இருந்தாலும் புருஷன் இல்லையாம்மா..." அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு அடைச்சிடுச்சு," என்றார் புருஷன், வாயைப் பொத்திக்கொண்டு. "வலி தாங்கல. அப்பதான் போர்டு மாட்டியிருந்தேன். வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?"

"உனக்கு வலிச்சா கத்தி. எனக்கு வலிச்சா சீனியா?"

விட்ட அறையில் அவர் கண்ணாடிச் சில்லுகள் மேல் விழுந்தார். அவள் தாண்டிப் போய்த் தனியாகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கிழியாம வந்துச்சா?"

"முழுசா வந்துச்சு. உடனே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம், புற்று இல்ல. ஆனா அதுக்கான மாற்றம் ஆரம்பிச்சிருந்துச்சு," என்றார் டாக்டரம்மா.

உதட்டில் தையலோடு புருஷன் வந்து கட்டிலோரம் நின்றார்.

"பழைய ஆளுங்க நின்னுட்டாங்க. விஷயம் தெரியாத புது ஆளுங்கதான் வர்றாங்க," என்றார். "உனக்கு என்னன்னு கேட்டா, என்ன சொல்லட்டும்?"

அவள் போர்வையை விலக்கி வயிற்றிலிருந்த நாலு கட்டுகளையும் பார்த்தாள்.

"முள்வேலியில விழுந்துட்டாள்னு சொல்லு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.