விலகும் தெரு

அந்த எரிமலைத் தீவின் குடிநீர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் குழாய் பொருத்துகிறவளை ஊரே குழாயக்கா என்றுதான் கூப்பிடும். அவள் இறுக்கிய இணைப்பு எதுவும் சொட்டியதில்லை, மேட்டுத்தெரு வளைவில் இருந்த ஒன்றைத் தவிர. வருடத்துக்கு இரண்டு முறை அது பிடுங்கிக்கொள்ளும்.

"உங்க கைவேலை அப்படி" என்றார் பொறியாளர், மூன்றாவது தடவையாக.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் குழிக்குள் இறங்கியதும் கோபம் போய் வியப்பு வந்துவிட்டது. குழாயில் உடைசலும் இல்லை, துருவும் இல்லை. யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததுபோல் விலகிக் கிடந்தது. குழிச்சுவரில் உறைந்த எரிமலைக் குழம்பு, அதன்மேல் சாம்பல், மறுபடி குழம்பு என்று அடுக்கடுக்காகப் பாறை. அதை நெடுக்கப் பிளந்துகொண்டு ஒரு விரிசல்.

அன்றே விரிசலின் இரு பக்கமும் பாறையில் பக்கத்துக்கு ஓர் ஆணி அடித்தாள். குழியைப் பலகையால் மட்டும் மூடிவைத்து, மாதாமாதம் இடைவெளியை அளந்து நோட்டில் குறித்தாள்.

"தெருவுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றான் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த தையற்காரக் கணவன்.

"பேசாம பிடிங்க. ஆடினா அளவு தப்பும்."

ஒன்றரை வருடத்தில் இடைவெளி நாலு விரற்கடை கூடியிருந்தது. நோட்டைப் பார்த்த பொறியாளர் தாமே போய் அளந்தார். மறுவாரம் எரிமலை ஆய்வு நிலையத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை அழைத்துவந்தார். அந்தப் பெண் ஆணிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எரிமலை கக்கக் கக்கக் குவிஞ்சு வளர்ந்ததுதாங்க இந்தத் தீவு. அடியில குழம்பு நெம்புது, மேல தன் பாரமே அழுத்துது. கடல் பக்கத்துப் பாதி மெல்ல நழுவுது. பிளவு கரையோரமா இருக்குன்னு நெனச்சோம். இங்கேயே இருக்கே."

"அப்போ என் வேலையில குத்தமில்ல?"

"துளியும் இல்ல."

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "அவசரப்பட்டுப் பேசிட்டேம்மா."

இழுத்தால் நீளும்படி மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை அங்கே அவளே பொருத்தினாள். இரண்டு வருடமாகச் சொட்டு விழவில்லை. ஆய்வு நிலையம் ஆணிகளுக்குப் பக்கத்தில் ஒரு கருவியை நட்டது. நிலம் நழுவும் வேகம் கூடினால் முதலில் அது சொல்லுமாம்.

அவளுக்கு அதோடு ஆர்வம் அடங்கவில்லை. எரிமலை கடைசியாக வெடித்தபோது வழிந்த குழம்பு கடலில் விழுந்து புதுநிலமாகக் கிடந்த கரைக்கு ஒரு விடுமுறை நாளில் கணவனை இழுத்துப் போனாள். கரகரவென்ற கறுப்பு மணலை அள்ளிப் பார்த்தாள்.

"நம்மைவிட வயசு கம்மியான தரைங்க இது. இங்க வீடு கட்டிக் குழாய் கேட்க எத்தனை வருஷமாகும்?"

அவன் யோசித்தான். "முதல்ல புல் முளைக்கட்டுமே."

அவள் குனிந்து பாறை இடுக்குகளில் புல்லைத் தேடத் தொடங்கினாள்.