ஓடப் பழகிய கால்கள்

முக்குளிப்போர் அணியும் முகக்கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டிக்கொண்டு, முதுகில் காற்று உருளையுடன், ஒன்றையும் பார்க்க இயலாதவராய்க் கிணற்றுக்குள் இறங்குகிறார் முனியராஜ். அடிச்சேற்றுக்குச் சற்று மேலே, சுவரோரமாகக் கட்டியுள்ள கயிற்றை விரல்களுக்குள் வைத்தபடி, கால்களை அசைக்காமல், கைகளாலேயே நகர்ந்து ஒரு சுற்று வரவேண்டும். அதுதான் பயிற்சி.

அச்சங்குளத்தில் அந்தக் கிணற்றுக்கு உரியவர் ஒச்சப்பன். "ஏலே முனியராஜ், கப்பல் எதுவும் தட்டுப்பட்டுச்சாலே?" என்பார்.

"தட்டுப்பட்டா பாதி ஒங்களுக்குத்தான்யா. கிணறு ஒங்களுதுல்ல?"

தூத்துக்குடிக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு சரக்குக் கப்பலைக் காட்ட ஆட்களை அழைத்துச்செல்லும் கம்பெனியில் அவருக்கு வேலை. மற்றவர்களுக்கு முன்பாகக் கப்பலுக்குள் நுழைந்து வழிக்கயிறு கட்டிவருவது அவர் பொறுப்பு. முன்பு பட்டாசு ஆலையில் மருந்து அடைத்தவர். "அங்கன தீப்பொறியே கிடையாதுங்க. அம்புட்டும் தண்ணி. அந்த நிம்மதிக்குத்தான் போனேன்" என்கிறார். கப்பலைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. "சமையக்கட்டுல தட்டு அடுக்குனபடியே இருக்கு. பானைக்குள்ள மீனு குடியிருக்கு. இப்பச் சாப்பிடக் கூப்புட்டுருவாகன்னு தோணும்."

ஆனால், அச்சத்தை அவர் தம் கால்களிலேயே கொண்டுபோயிருக்கிறார். பட்டாசு ஆலையின் மருந்து அறைக்கு எல்லாப் பக்கமும் வாசல் உண்டு. சிறு சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாராமல் ஓடிவிட வேண்டும். அப்படி ஓடித்தான் ஒருமுறை உயிர் பிழைத்தார். சென்ற மாதம், கப்பலின் இயந்திர அறையில் துருவேறிய தகடு ஒன்று அவருக்குப் பின்னால் விழுந்தது. கால்கள் தாமாகவே ஓட முனைந்தன. படிந்திருந்த வண்டல் கிளம்பி விளக்கொளியை விழுங்கியது. கயிறும் கை நழுவியது. அந்த அறைக்கு ஒரே வாசல்.

"தடவுனேன், தடவுனேன், எல்லாஞ் செவுரு. காத்து கொறையிறது வாயிலயே தெரியிது. எப்பிடியோ தொடையில கயிறு ஒரசுச்சு. அதான் இருக்கேன்."

"பட்டாசுக்குப் பயந்து ஓடுனவுக, பாதாளத்துல போயி ஒக்காந்திருக்காக" என்கிறார் மனைவி வேல்விழி.

நாளை அதே அறைக்குள் இறங்க வேண்டும். கால் ஆடினால் போவதில்லை என்று மனைவிக்கு வாக்களித்திருக்கிறார். "எனக்கே தெரியாம ஆடிருது, நீதான் பாத்துச் சொல்லணும்." அவர் எதிர்பாராத நேரத்தில் வேல்விழி கடப்பாரையால் கிணற்றுப் பாறையில் ஓங்கி இடிப்பார். நீர் தெளிந்தே இருந்தால் போகலாம். சேறு கிளம்பினால் கூடாது.

இன்று மாலை வேல்விழி இடித்தார். ஓசை அடங்குவதற்குள் அடியிலிருந்து கரிய சேறு புகைபோல எழுந்து, அவரையும் மறைத்து, கிணறு முழுவதும் பரவியது.

முனியராஜ் மேலே வந்து, கால்களை நீருக்குள் விட்டபடி கடைசிப் படியில் அமர்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"என்ன வேலு, ஆடுச்சா?"

வேல்விழி படியிறங்கி, கலங்கிய நீருக்குள் கைகளை விட்டு, அவருடைய கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார்.