சரிவில் நிறுத்திய வண்டி

தரை மட்டமா என்று காட்டும் ரசமட்டத்தின் குமிழ் இடப்பக்கம் ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வண்டியின் தரையில் முழங்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம். மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் நடமாடும் பிரிவுக்குத் தலைமை எக்ஸ்ரே நிபுணர், யாழ்ப்பாணத்துக்காரர். மதுரையிலிருந்து வந்து நான் அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வண்டி, லாரி இழுத்துவந்து கழற்றிவிட்டுப் போகும் நீண்ட ட்ரெய்லர். லண்டனின் தென்பகுதியில் ஓர் அம்மன் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் சில நாட்கள் அது நிற்பதாக ஏற்பாடு.

சம்மதித்தபோது கோயில் தலைவர் அதை ஏதோ பொதுவான சுகாதார வண்டி என்று நினைத்திருந்தார் போலும். பக்கவாட்டில் ‘மார்பகப் பரிசோதனை’ என்று எழுதியிருந்த ஆளுயரத் தமிழெழுத்துகளைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“தங்கச்சி, அம்மன் வாசலுக்கு நேர இப்பிடியே? ஒரு துணியைப் போட்டு மறையுங்கோவன்.”

“அந்தச் சொல்லைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான், அண்ணை, எங்கட பொம்பிளையள் கட்டி பெருத்தாப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகினம். நான் மறைக்க மாட்டன்.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

தலைவருக்கு உதவியாக வந்தது அந்த இடத்தின் சரிவு. தார் போட்ட தரை மழைநீர் ஓடுவதற்காக மதில் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. வண்டி மட்டமாக, ஆடாமல் நிற்க வேண்டும். ஒருவர் படியேறும்போது தரை அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் கடுகளவு புள்ளி தெரியாமல் போய்விடும். அந்தப் புள்ளியைத் தேடித்தான் நாங்கள் ஊர் ஊராகப் போனோம். லாரி ஓட்டுநரான வெள்ளைக்காரர் தன்னிடமிருந்த பலகைகளைத் தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, போதாது என்று கையை விரித்தார்.

“அப்ப இஞ்ச நிப்பாட்ட ஏலாது. கொண்டு போங்கோ” என்றார் தலைவர். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அக்கா கீழே இறங்கினார். மதிலோரம் தடித்த பலகைகள் அடுக்கியிருந்தன; திருவிழாவில் தேர்ச் சக்கரங்களுக்கு அடியில் போடுபவை. நேரே அங்கே போனார்.

“அதைத் தொடாதேங்கோ! அது அம்மன்ர தேருக்கு வைக்கிறது.”

“அம்மனும் பொம்பிளைதானே, அண்ணை. குறை நினைக்க மாட்டா.”

சொல்லிக்கொண்டே ஒரு பலகையின் முனையைத் தூக்கினார். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. தலைவர் என்னைப் பார்த்தார், ஓட்டுநரும் பார்த்தார். வம்பு எதற்கு என்றுதான் அதுவரை எல்லா இடத்திலும் ஒதுங்கி நின்றிருக்கிறேன். அன்று போய்ப் பிடித்தேன். நல்ல கனம். இரண்டாவது பலகைக்கு நாங்கள் திரும்பியபோது, மடப்பள்ளியிலிருந்து மூன்று பெண்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, யாரையும் கேட்காமல் அதைத் தூக்கினார்கள்.

லாரி மெல்ல நகர்ந்தது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்கள் பலகைமேல் ஏறின. உள்ளே குமிழ் நடுவுக்கு வந்து நின்றது. ஓட்டுநர் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ட்ரெய்லரின் முன்கால்களை இறக்கி, லாரியைக் கழற்றி, அந்தக் கால்களை ஏற்றி இறக்கி முன்னும் பின்னும் சமப்படுத்தினார். கடைசியாக நான்கு மூலைத் தாங்கிகளையும் தரையில் அழுந்தும்வரை இறக்கினார். அக்கா உள்ளே ஏறி நடுவில் நின்று, ஐம்பது வயதைக் கடந்த அந்த உடம்போடு, ஒருமுறை குதித்தார். வண்டி அசையவில்லை.

தலைவர் இன்னும் போகவில்லை. “எழுத்து மதில் பக்கம் பாக்கிற மாதிரியாவது திருப்பி விடுங்கோவன்.”

“இனித் திருப்பினா மட்டம் போயிடும், அண்ணை. நிக்கிறது நிக்கட்டும்.”

மறுநாள் பூசை முடிந்ததும் வண்டி வாசலில் முதலாவதாக வந்து நின்றவர், பலகை தூக்கிய பெண்களில் மூத்தவர். பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் பலமுறை வந்தும் அவர் போனதில்லையாம். ஏன் என்று கேட்டேன். “மகனிட்டக் காட்டித்தானே வாசிக்க வேணும், பிள்ளை. இது நானே வாசிச்சன்” என்றார். அவருக்குப் பின்னால் படிவரை பெண்கள் நின்றார்கள். யாரும் முகத்தை மறைத்து முக்காடு போட்டுக்கொண்டு வரவில்லை.

அக்கா ஓய்வு பெற்று இப்போது வெம்பிளியில் இருக்கிறார். அவர் வகித்த பொறுப்பை நான் வகிக்கிறேன். போன வாரம் எங்கள் வண்டி நின்ற ஒரு கடையின் மேலாளர், வாடிக்கையாளர்கள் கூச்சப்படுகிறார்கள், வண்டியைப் பின்புறம் குப்பைத்தொட்டிகள் பக்கம் நிறுத்த முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். அன்று மாலை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“முடியாதுன்னு சொன்னேன்க்கா.”

“காரணம் ஏதும் சொன்னனீரோ?”

“இல்லக்கா.”

“முடியாது எண்டதே காணும்” என்றார்.